பசி மறந்த பல்லியும் வள்ளலார் வைத்த நிபந்தனையும்

நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ். செல்லப் பிராணி வளர்ப்போர் லெபர்ட் கெக்கோ என்று அழைக்கும் புள்ளிப் பல்லியோ ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய இடங்களின் வறண்ட பாறை நிலத்து உயிர். அதைக் கொண்டுவந்து இந்தக் குளிரில் வெறும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால், முன்னால் போடும் இரையைத் திரும்பியும் பார்க்காது. வளர்ப்பவர் பதறிப்போய் அதன் வாயைத் திறந்து ஊட்டப் பார்ப்பார்.

ஊட்டக் கூடாது. பல்லிக்கு உடற்சூடு வெளியிலிருந்து வர வேண்டும். அந்தச் சூடு இல்லாவிட்டால் விழுங்கியது செரிக்காமல் வயிற்றிலேயே கெட்டுவிடும். பெட்டியின் ஒரு பக்கம் 31, 32 பாகைச் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி, ஒளிந்துகொள்ள ஓர் இடம், குடிக்கத் தண்ணீர், யாரும் கையில் தூக்காத சில நாட்கள், பெரும்பாலும் இவையே போதும். தோல் உரிக்கும்போதும் இனச்சேர்க்கைக் காலத்திலும் நலமான பல்லியும் உண்ண மறுப்பதுண்டு. வாலில் சேர்த்துவைத்த கொழுப்பு அதை வாரக்கணக்கில் தாங்கும். வால் மெலியத் தொடங்கினால் காரணம் குடல் ஒட்டுண்ணியாகவோ மணல் விழுங்கியதால் வந்த அடைப்பாகவோ இருக்கலாம். அப்போது தாமதிக்காமல் கால்நடை வைத்தியரிடம் போக வேண்டும். இலங்கையில் கால்நடை மருத்துவ பீடம் இருக்கும் பேராதனை மலையகத்தில்தான் உள்ளது.

உடம்புக்கான வழி இவ்வளவுதான். அறத்தின் சிக்கல் பசி திரும்பிய பிறகு தொடங்குகிறது. இந்தப் பல்லி சோறும் தின்னாது, இலையும் தின்னாது. அதற்கு உயிருள்ள பூச்சி வேண்டும். ஓர் உயிரைப் பிழைக்க வைக்க வாராவாரம் எத்தனை உயிரைக் கொடுப்பது?

பசியைப் போக்குவதையே வழிபாடாக்கியவர் வள்ளலார். 1867இல் வடலூரில் அவர் தொடங்கிய தருமசாலையில் அடுப்பு இன்றும் அணையவில்லை. அவர் பிறந்த 1823ஆம் ஆண்டைத்தான் மலையக மக்கள் தங்கள் முன்னோர் இலங்கை மண்ணுக்கு வந்த ஆண்டாகக் கொள்கிறார்கள். பசிக்கு அஞ்சிக் கடல் கடந்தவர்கள் அந்த முன்னோர். அந்த வள்ளலாரே, ஓர் உயிரைக் கொன்று இன்னோர் உயிரின் பசியை ஆற்றுவது ஜீவகாருண்யம் ஆகாது என்றும் நிபந்தனை வைத்தார். பல்லி வளர்ப்பவருக்கு இந்த நிபந்தனையைத் தாண்டிப் போக வழியில்லை.

சிபி மன்னனின் கதையும் இதே முடிச்சைத்தான் தொடுகிறது. பருந்துக்குத் தப்பி அடைக்கலம் வந்த புறாவைக் காத்தால் பருந்து பட்டினி. பருந்தின் பசியும் நியாயமான பசி என்று ஒப்புக்கொண்டதுதான் சிபியின் பெருமை. அதனால் அவன் வேறொரு புறாவைத் தேடவில்லை, தன் தசையை அரிந்தான். பௌத்தர்களின் ஜாதகக் கதையிலும் பசித்த பெண்புலிக்கு முன் போதிசத்துவர் தன் உடலையே இடுகிறார். இரண்டிலும் செலவு கொடுப்பவருடையது. கண்ணாடிப் பெட்டியிலோ செலவு முழுவதும் வெட்டுக்கிளியினுடையது.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துச் சுவரில் விளக்கடியில் பூச்சி பிடிக்கும் பல்லியின் வேட்டைக்கு வீட்டார் பொறுப்பில்லை. அது பசித்தால் வேட்டையாடும், குளிர்ந்தால் ஒடுங்கும். பெட்டிக்குள் அடைத்த நாளிலிருந்து வேட்டை மனிதன் கைக்கு வந்துவிடுகிறது. அந்தப் பொறுப்பைத் தவிர்க்கப் பல்லியைப் பட்டினி போடுவது அகிம்சை ஆகாது. அடைத்தவரே அதற்கு இரை தர வேண்டும், அது கொலைதான் என்று அறிந்தே தர வேண்டும். ஆயிரம் ரூபாய் நாட்கூலிக்கு 2021 வரை போராடிய தோட்டங்களில் பல்லியின் பசி ஒரு பேச்சா என்று கேட்பவர்கள் உண்டு. பசியின் அருமை தெரிந்த ஊரில்தான் இது பேச்சாக முடியும்.

அடைபட்டு உண்ணாதிருந்த கதை ஒன்று இந்த மலையிலும் உண்டு. நுவரெலியாவுக்கு அருகே சீத்தா எலியவில் சீதை அம்மன் கோயில் இருக்கிறது. அசோகவனம் இருந்த இடம் என்பது நம்பிக்கை. வால்மீகி காட்டும் சீதை அங்கே உண்ணாமல் மெலிந்தவள்; அவளுக்கு வேண்டியிருந்தது விடுதலை. பக்கத்திலுள்ள ஹக்கலைக் காட்டில் மூக்கின் மேல் கொம்பு நீண்ட ஓணான் ஒன்று வாழ்கிறது. இலங்கையின் மத்திய மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். அதைப் பிடிப்பது நாட்டுச் சட்டப்படி குற்றம். இருந்தும் அதைக் கடத்தி ஐரோப்பியச் செல்லப் பிராணிச் சந்தையில் விற்றார்கள். ஈஸ்டர் குண்டுவெடிப்புகளால் கொழும்பிலிருந்து ஜெனீவாவுக்கு மாறிய 2019ஆம் ஆண்டின் சைட்டிஸ் எனும் வனவுயிர் வணிக ஒப்பந்த மாநாட்டில்தான் அதற்குச் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு கிடைத்தது. மலைக்குளிரில் பழகிய அந்த ஓணானுக்குக் காடே சரியான பெட்டி.

புள்ளிப் பல்லிக்கு அப்படியும் ஒரு வழியில்லை. அதைத் தேயிலை மலையில் அவிழ்த்துவிட்டால் குளிரில் விறைத்துச் சாகும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பெட்டியில் பதினைந்து ஆண்டுக்கு மேலும் வாழும். அத்தனை ஆண்டும் மின்சாரம் நின்ற இரவுகளில் சூட்டுக்கு என்ன செய்வது, இரைப் பூச்சியை யார் வளர்ப்பது, யார் கையால் கொடுப்பது என்பதை வீட்டார் வாங்குவதற்கு முன்பே பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது.