தணிக்கையின் கீழ் ஒரு லித்துவேனிய இயக்குநர்

சோவியத் ஒன்றியத்தில் ஒரு படம் திரைக்கு வருமுன் அதன் திரைக்கதையும் முடிந்த பிரதியும் தனித்தனியே அனுமதி பெற வேண்டியிருந்தது. இறுதி முடிவு மாஸ்கோவில் இருந்த ‘கோஸ்கினோ’ எனும் திரைப்படத் துறைக்கான அரசுக் குழுவின் கையில் இருந்தது. கௌனஸ் நகரில் 1935இல் பிறந்த அல்மன்டாஸ் கிரிகேவிச்சியுஸ் இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே பணியாற்றினார். வில்னியுஸ் நகரைப் பற்றி 1966இல் அவர் எடுத்த ஆவணப்படத்தில் வர்ணனைக் குரலே இல்லை. காட்சிகளுக்கு அரசு விரும்பும் பொருளை ஏற்றிவைக்க அக்குரலே அன்று பெரிதும் பயன்பட்டது என்பதால், அதனை விலக்கியதை வெறும் அழகியல் தேர்வாகக் கொள்வதற்கில்லை.

அல்கிர்தாஸ் தௌசாவுடன் இணைந்து 1968இல் அவர் இயக்கிய ‘உணர்வுகள்’, இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஜெர்மானியப் படை பின்வாங்க, செம்படை நெருங்கிவரும் கடலோரத்தில் இரட்டைச் சகோதரர் இருவர் படும் தடுமாற்றத்தைக் காட்டுகிறது. வருபவர்களை மீட்பர்களாகப் போற்றவோ, படகேறி மேற்கே தப்ப நினைத்தவர்களைத் துரோகிகளாகச் சாடவோ முற்படாத அப்படத்திற்குப் பரவலான வெளியீடு கிடைக்கவில்லை. வெளிப்படையான தடையைவிட இது வசதியான முறை. எதிர்த்து வாதிடுவதற்கு ஆணை என்று ஒன்று இராது.

பிர்சியூபியாய் கிராமத்தில் 1944 ஜூன் 3 அன்று நாஜிகள் 119 பேரைக் கொன்றதைப் பேசும் அவரது ‘நிகழ்ந்தது’ (1980), எதிரி யார் என்பதில் அரசுக்கும் கலைஞருக்கும் வேறுபாடு எழாத கதை. அது கான் விழா வரை சென்று, 1981இல் எலேனா சொலொவேய்க்குச் சிறந்த துணை நடிகை விருதைப் பெற்றுத் தந்தது.