உறையில் இருக்கும் வாள்

மனிதன் சேர்த்து வைக்கும் பொருள்களுள் சில அவனுடைய தேவைக்கு உதவுகின்றன. சில அவனுடைய மனத்திற்கு உவகை தருகின்றன. உண்கலமும் உடையும் முதல் வகையைச் சேர்ந்தவை. ஓவியமும் சிற்பமும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இவ்விரண்டைக் குறித்தும் பெரியோர் கூறும் அறிவுரை ஒன்றே: பொருளை நீ வைத்துக்கொள், பொருள் உன்னை வைத்துக்கொள்ள விடாதே. ஆனால், ஒருவர் உவகைக்காக வாங்கி வைத்த பொருள் உயிரைப் பறிப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டதாக இருந்தால், இந்த அறிவுரை மட்டும் போதுமா?

ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் காலக் குதிரைப்படை வீரன் ஏந்திய வாளைக் கைவேலையாகவே மீண்டும் செய்து தரும் கொல்லர்கள் இன்றும் இருக்கிறார்கள். அத்தகைய வாளை வாங்கிக் கூடத்தில் வைத்துப் போற்றுவோரும் பல நாடுகளில் உள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் போர்வீரர் அல்லர். எவரையும் பகைப்பவரும் அல்லர். வரலாற்றில் ஈடுபாடும் கைத்தொழிலில் மதிப்பும் உடையவர்கள். அந்த வாளால் இதுவரை ஒரு துளி இரத்தமும் சிந்தியதில்லை. அப்படியிருந்தும், அதை உடைமையாக வைத்திருப்பது அறநெறிக்கு ஏற்றதுதானா என்னும் வினாவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

வடிவம் உரைக்கும் உண்மை

பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மானிய நிலங்களில் குதிரை மீதிருந்து போரிட்டவர்கள் கைத்துப்பாக்கியையும் வாளையும் சேர்த்தே வைத்திருந்தனர். அந்த வாளைத் தூக்கவே இயலாத பெரும்பாரம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அத்தகைய வாள்கள் பெரும்பாலும் 1 முதல் 1½ கிலோ எடையே உடையவை. வீரனின் ஒரு கை கடிவாளத்தைப் பற்றியிருக்கும். ஆகவே மற்றொரு கை மட்டுமே வாளை இயக்க வேண்டும். குதிரை மேலிருந்து எட்ட வேண்டும் என்பதால் அலகு நீளமானது. நீண்ட அலகு கையை முன்னே இழுக்காதபடி, கைப்பிடியின் முடிவில் கனத்த குமிழ் ஒன்று எடையைச் சமன் செய்கிறது. அலகின் நடுவே ஓடும் பள்ளத்தை இரத்தம் வடிவதற்கான வழி என்று கதை கட்டியவர்கள் உண்டு. உறுதி குறையாமல் எடையைக் குறைப்பதே அதன் பயன். விரல்களைச் சுற்றி வளையும் இரும்புக் கம்பிகள் காண்பதற்குப் பூங்கொடி போல் அழகியவை. எதிரியின் வெட்டு விரல்களைத் துண்டிக்காமல் தடுக்கவே அவை தோன்றின.

இவ்வாறு அந்த வாளின் ஒவ்வொரு உறுப்பும் ஒரே வினாவுக்கு விடையாக அமைந்துள்ளது. ஓடும் குதிரையின் மேல் இருப்பவன், தான் மடியாமல் பிறனை எவ்வாறு மடியச் செய்வது என்பதே அந்த வினா. தலைமுறை தலைமுறையாகப் போர்க்களத்தில் பிழைத்தவரும் மாண்டவரும் கண்ட அனுபவமே அந்த அழகாகத் திரண்டிருக்கிறது. நகல் வாளில் குருதிக்கறை இல்லை. ஆனால் அதன் வடிவம் குருதியில் கற்ற வடிவம். இதை மறந்து அழகை மட்டும் காண்பவர் பாதி உண்மையையே காண்கிறார்.

நகலின் நேர்மை

இங்கே மற்றொரு ஐயமும் எழலாம். மூலப்பொருள் அல்லாத ஒன்றைப் போற்றுவது பொய்ம்மையைப் போற்றுவதாகாதா?

இதற்கு வரலாறே விடை தருகிறது. அக்காலத்தில் பாசாவ் நகரத்து வாள்கள் ஓடும் ஓநாய் முத்திரையால் புகழ்பெற்றிருந்தன. ஸ்பெயினின் டொலேடோ நகர வாள்களுக்கும் பெருமதிப்பு இருந்தது. ஜெர்மானிய நகரமான சோலிங்கனின் கொல்லர்கள் அந்த ஓநாய் முத்திரையைத் தங்கள் வாள்களில் பொறித்தனர். டொலேடோக் கொல்லர்களின் பெயர்களையும் அவ்வாறே பொறித்தனர். சோலிங்கன் வாள்கள் தரத்தில் தாழ்ந்தவை அல்ல. ஆயினும் பிறர் பெயரைத் தாங்கி அவை சந்தைக்கு வந்தன. இன்று அவை நானூறு ஆண்டு பழமையுடைய 'மூலப்பொருள்கள்'; ஆனால் அவற்றின் மீது பொறித்த எழுத்து உண்மையன்று. இன்றைய கொல்லர் ஒருவர் 'இது நகல்' என்று வெளிப்படையாகக் கூறித் தரும் வாளோ புதியது. ஆயினும் அதில் பொய் இல்லை. வாய்மை என்பது பழமையைப் பொறுத்ததன்று; தன்னை உள்ளபடி அறிவித்துக்கொள்வதைப் பொறுத்தது.

கைவேலையின் மேன்மையும் இத்துடன் சேர்கிறது. எஃகைச் செந்நிறமாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் அது மிகக் கடினமாகும். அந்நிலையிலேயே விட்டால் கண்ணாடிபோல் உடையும். பிறகு மிதமான சூட்டில் மீண்டும் காய்ச்சிப் பதப்படுத்தினால்தான் வளைந்தும் நிமிரும் தன்மை வாய்க்கும். கடினம் மட்டும் வலிமையாகாது என்பதைக் கொல்லன் ஒவ்வொரு நாளும் தன் உலையில் காண்கிறான். இந்தத் தொழில் நம் நாட்டுக்கும் அயலானதன்று. டேராடூன் நகரில் 1943-இல், உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, கூர்க்காப் படையினருக்குக் குக்ரி செய்வதற்காகத் தொடங்கிய ஒரு தொழிற்கூடம், பிற்காலத்தில் ஐரோப்பியப் பழைய வாள்களின் நகல்களைச் செய்து அயல்நாடுகளுக்கு அனுப்பும் நிலையை அடைந்தது. அந்த வாளைப் போற்றுபவர் அதைச் செய்த கரங்களையும் போற்றுபவராக இருந்தால், அவருடைய மகிழ்ச்சியில் குறை காண இடமில்லை.

தவசியும் வாளும்

எனினும், ஆயுதத்தோடு கொள்ளும் உறவு குறித்து வால்மீகி இராமாயணத்தின் ஆரணிய காண்டத்தில் சீதை கூறும் ஒரு கதை சிந்தனைக்குரியது. காட்டில் வாய்மை தவறாத தவசி ஒருவர் இருந்தார். அவருடைய தவத்தைக் கெடுக்க எண்ணிய இந்திரன் போர்வீரன் வேடத்தில் வந்து, சிறந்த வாள் ஒன்றை அடைக்கலப் பொருளாக ஒப்படைத்துச் சென்றான். பிறர் பொருளைக் காப்பது கடமை அல்லவா? தவசி கனியும் கிழங்கும் தேடச் சென்றபோதும் வாளை உடன் எடுத்துச் சென்றார். நாளடைவில் அவருடைய உள்ளம் கொடுமையில் பழகியது, தவம் நழுவியது, முடிவில் நரகத்தை அடைந்தார்.

இக்கதையின் நுட்பம் எங்கே உள்ளது? தவசிக்கு வாளை வீசும் ஆசை தொடக்கத்தில் இல்லை. இழந்துவிடக் கூடாது என்னும் அச்சம் மட்டுமே இருந்தது. அந்த அச்சம் வாளை எப்போதும் கையில் இருக்கச் செய்தது. கை மனத்தைப் பழக்கியது. தீமை நற்பண்பின் வாயிலாகவே உள்ளே நுழைந்தது.

இராமனோ வில்லைக் கீழே வைத்துவிடவில்லை. தண்டக வனத்து முனிவர்களைக் காப்பதாகத் தான் அளித்த வாக்கை எடுத்துரைத்தான். துன்புற்றோரின் ஓலம் எழாதிருக்கவே அவன் வில் ஏந்தினான். ஆகவே ஆயுதம் ஏந்துவோருக்கு ஒரு கடமை துணையாக இருக்க வேண்டும் என்பது விளங்குகிறது.

கூடத்தில் நகல் வாளை வைத்திருப்பவருக்கு இராமனின் கடமை இல்லை. அவருடைய வாள் எவரையும் காப்பதற்கன்று. ஆனால் தவசியின் நிலை அவருக்கும் நேரலாம். துருப்பிடிக்குமோ என்ற கவலை, பிறர் தொட்டுவிடுவரோ என்ற எரிச்சல், இதைவிடச் சிறந்த ஒன்று வேண்டும் என்ற தவிப்பு ஆகியவை மெல்ல வந்து சேரும். கைப்பிடியைப் பற்றும் கணத்தில் தோள் நிமிர்வதும், 'நான் வல்லவன்' என்னும் நினைவு ஒரு நொடி மின்னுவதும் அவர் அறிந்தவையே. முனை மழுங்கிய வாளும் இந்த இடத்தில் கூர்மையானதே. அவர் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டியது அந்த நொடியிலிருந்துதான்.

பொருள் மாறும் பொருள்

ஆயுதத்தை வைத்திருப்பதற்கு வேறு நியாயமும் உண்டு என்பதை ஆஸ்திரியாவின் கிராஸ் நகர ஆயுதச்சாலை காட்டுகிறது. 1642 முதல் 1645 வரை எழுப்பப்பட்ட அக்கட்டடத்தில் இன்றும் ஏறக்குறைய 32,000 படைக்கலங்கள் உள்ளன. துருக்கியப் படையெடுப்புக்கு எதிராக எல்லைநாட்டவர் சேர்த்தவை அவை. 1749-இல் பேரரசி மரியா தெரேசாவின் ஆட்சி அந்தச் சாலையைக் கலைக்க முனைந்தது. அந்நாட்டுப் பிரதிநிதிகளோ, முன்னோரின் துன்பத்திற்கும் துணிவுக்கும் நினைவாக அதை விட்டுவைக்குமாறு வேண்டினர், வேண்டுகோள் ஏற்கப்பட்டது. வாள்கள் அதே வாள்கள். இருந்த இடமும் அதே இடம். மனிதரின் நோக்கம் மாறியவுடன் போர்க்கருவி நினைவுச் சின்னமாயிற்று.

நோக்கத்தின் இந்த மாற்றத்தையே தனிமனிதரும் தம் வீட்டில் நிகழ்த்த வேண்டியவராகிறார். அதற்கு முதற்படி, நாட்டின் சட்டத்தை மதித்தல். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வாளையும் கருத்தில் கொள்கிறது. அடுத்தது, கேட்போர் வேண்டும்போது மகிழ்வுடன் பிரிய முடியுமா என்று தம்மையே அவ்வப்போது சோதித்தல். பிரிய முடியாத பொருள், உடைமை என்ற பெயரில் இருக்கும் தளை.

இவற்றினும் அரிய சோதனை ஒன்று உண்டு. வீட்டிற்கு வரும் சிறுவன் சுவரைக் காட்டி, 'இது எதற்கு?' என்று கேட்பான். அழகுக்கு என்று கூறி முடிப்பது எளிது. வீரத்திற்கு என்று கூறி அவன் கண்களில் ஒளி ஏற்றுவதும் எளிது. இது மனிதனை மனிதன் கொல்வதற்காகத் தோன்றியது. இதைச் செய்தவரின் திறமை வணங்கத்தக்கது. இதற்கு இரையானோர் எண்ணற்றோர். இனி இது உறையிலேயே இருக்கட்டும் என்பதற்காக இங்கே இருக்கிறது என்று முழு உண்மையையும் சொல்ல வல்லவரே அந்த வாளை வைத்திருக்கத் தகுதி உடையவர்.