சப்பீராளிடம் கேட்கப்படாத கேள்வி

திருச்சபைக்குப் பணம் தேவைப்படும்போதெல்லாம் பிரசங்க பீடத்துக்கு ஓர் ஏழைப் பெண் அழைத்துவரப்படுகிறாள். கோபுர வேலை பாதியில் நிற்கிறது, அசனப் பண்டிகை நெருங்குகிறது, மண்டபத்துக்குத் தளம் போடவேண்டும் என்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை எருசலேம் தேவாலயத்தில் இரண்டு காசு போட்ட விதவையின் கதையைக் கேட்கலாம். அவளே தனக்கிருந்த எல்லாவற்றையும் போட்டுவிட்டாள், நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்ற கேள்வியோடு பிரசங்கம் முடியும். காணிக்கைப் பை வரிசை வரிசையாக நகரும். தென்மாவட்டத்துச் சபை ஒன்றில் வளர்ந்த நான் இந்தப் பிரசங்கத்தைப் பல குரல்களில் கேட்டிருக்கிறேன். அந்த விதவை மறுநாள் என்ன சாப்பிட்டாள் என்று எந்தக் குரலும் கேட்டதில்லை.

தாராளமாகக் கொடுப்பது நல்லதா என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. நல்லதுதான். கொடுக்கத் தெரியாத சமூகம் மனிதர் வாழத் தகுந்ததல்ல. என் கேள்வி வேறு. வைத்துக்கொள்ளும் உரிமை இல்லாத ஒருத்தி கொடுப்பதைத் தாராளம் என்று சொல்லலாமா? மறுக்க முடியாத இடத்தில் கொடுப்பதை ஒரு நற்குணமாகக் கணக்கில் எழுதலாமா?

முதலில் அந்த விதவையின் கதையை அது இருக்கும் இடத்தில் வைத்துப் படிப்போம். மாற்கு சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரத்தில் அது 41 முதல் 44 வரை நான்கே வசனங்கள். பிரசங்கிகள் அங்கே தொடங்கி அங்கேயே நிறுத்துகிறார்கள். அதற்கு முந்தின வசனத்தில், நீண்ட ஜெபங்களைச் செய்துகொண்டே விதவைகளின் வீடுகளைத் தின்றுதீர்க்கும் வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். 13ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், ஆலயத்தின் பெரிய கற்களைப் பார்த்து ஒரு சீடன் வியக்க, இந்தக் கட்டடம் முழுவதும் இடிந்துபோகும் என்கிறார். வீட்டைப் பறிகொடுக்கும் விதவைகள், கடைசிக் காசைப் பெட்டியில் போடும் விதவை, இடியப்போகும் ஆலயம் என்று மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. கத்தோலிக்க விவிலிய அறிஞர் அடிசன் ரைட் 1982இல் எழுதிய கட்டுரையில், இது பாராட்டா புலம்பலா என்று கேட்டார். புலம்பல் என்பதே அவர் வந்த முடிவு. நீங்களும் இவளைப்போலச் செய்யுங்கள் என்று இயேசு அங்கே யாருக்கும் சொல்லவில்லை என்பதை அவர் சுட்டிக்காட்டினார்.

அவள் போட்ட இரண்டு காசும் சேர்ந்து ஒரு கூலியாளின் ஒருநாள் கூலியில் 64இல் ஒரு பங்குதான். ஆனால் அவள் கொடுத்ததைக் குறிக்க மாற்கு பயன்படுத்தும் கிரேக்கச் சொல் 'பியோஸ்'. பிழைப்புக்கும் வாழ்வுக்கும் அதே சொல்தான்.

தசமபாகத்தைப் பற்றிய பிரசங்கத்திலும் இதுவே நடக்கிறது. மல்கியா 3:10 நம் எல்லோருக்கும் மனப்பாடம். பத்தில் ஒன்றைக் கொண்டுவந்தால் வானத்தின் ஆசீர்வாதம் கொட்டும் என்ற வாக்கு அது. அதே அதிகாரத்தின் 5ஆம் வசனம் எத்தனை பேருக்குத் தெரியும்? கூலிக்காரரின் கூலியைப் பறிப்பவர்களுக்கும், விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குபவர்களுக்கும் எதிரான தீர்ப்பு அதில் இருக்கிறது. உபாகமம் 14ஆம் அதிகாரத்தின் முடிவில் உள்ள சட்டப்படி, மூன்றாம் வருடத்துத் தசமபாகத்தை ஊருக்குள்ளேயே வைக்க வேண்டும். லேவியரோடு பரதேசிகளும் தாய்தகப்பனற்ற பிள்ளைகளும் விதவைகளும் வந்து திருப்தியாகச் சாப்பிடுவதற்காக. சட்டத்தின்படி விதவை வாங்கவேண்டிய இடத்தில் இருந்தவள். அவளைக் கொடுக்கும் வரிசையில் நிறுத்தியது எது என்பதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இருந்தாலும், ரைட்டின் புலம்பலோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அப்படி நிறுத்தினால் அந்த விதவை வெறும் ஏமாளியாகிவிடுகிறாள். கொடுக்கும் பெண்களை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் ஏமாளிகள் அல்லர்.

என் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போடுவாள். பிடி அரிசிக் காணிக்கை. நிலம் அப்பா பெயரில், சம்பளம் அப்பா கையில், பெட்டிச் சாவி ஆச்சியின் இடுப்பில். அந்தப் பானை மட்டும் அம்மாவுடையது. ஆண்டவருக்கு எடுத்து வைத்தது என்று சொல்லிவிட்டால் வீட்டில் யாரும் கணக்குக் கேட்க முடியாது. அடுத்த தெருவில் ஒருத்தி பிரசவித்துப் படுத்திருந்தால், அந்தப் பானையிலிருந்து இரண்டு படி அரிசி சபைக்குப் போகாமல் அங்கே போகும். எந்த ரசீதும் கிடையாது. கணவனின் அனுமதி இல்லாமல் கொடுக்க அவளுக்கு இருந்த ஒரே வழி கடவுளின் பெயரால் கொடுப்பது. அந்த ஒரு பிடியில் பக்தியும் இருந்தது, சுதந்திரமும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியாது.

இந்த வழக்கம் நம் ஊரில் மட்டும் இருப்பதல்ல. மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910இலிருந்து 'புஃபாய் தாம்' என்ற பெயரில் வேளைக்கு ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறார்கள். ஒரு பெரிய திருச்சபையின் ஊழியத்தை அந்த அரிசி தாங்கியிருக்கிறது. அடுப்படியில் பிடியாக இருக்கும்வரை அது பெண்ணின் முடிவு. மூட்டையாகி, விற்றுப் பணமாகி, சபைக் கணக்கில் ஏறிய பிறகு அதைப் பற்றி முடிவெடுப்பது கமிட்டி. நான் பார்த்த கமிட்டிகளில் பெண்கள் ஓரிருவர் இருந்தால் அதிகம்.

இப்போது அடுப்படிக்கு வெளியே வருவோம். அம்மாவுக்கு ஏன் ஒரு பிடி அரிசி மட்டும் சொந்தமாக இருந்தது? 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தின்படி, தந்தை உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்குக் கிடைத்தது மகனின் பங்கில் கால்பகுதி அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தால், கொடுப்பதாக வாக்களித்திருந்தால்கூட, அதுவும் இல்லை. விதவைக்கு நிலத்தில் கிடைத்தது ஆயுள்கால அனுபோகம் மட்டுமே. மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். சில பிரிவினருக்கு விலக்கு இருந்தது. மற்றவர்களுக்கு இதுவே சட்டம். அன்று திருவிதாங்கூரில் இருந்த கன்னியாகுமரிப் பகுதிக்கும் இது பொருந்தியது. மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல்தான் இந்தச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதலே செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைக் கேட்டுக் கேரளத்துச் சபைத் தலைமைகளில் பல மகிழவில்லை. சிரியன் கிறிஸ்தவர்களிடையே சீதனத்திலிருந்து ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. மகளுக்குச் சொத்துரிமை இல்லை. ஆனால் அவளுக்குப் பதிலாகக் கைமாறிய பணத்தில் தேவாலயத்துக்குப் பங்கு உண்டு.

சம உரிமை தரும் இந்திய வாரிசுரிமைச் சட்டம் இன்று நம் எல்லோருக்கும் உண்டு. ஆனாலும் கல்யாணத்துக்குப் போட்ட நகையைக் காட்டி, அண்ணன் தம்பிகளுக்கு எழுதிக்கொடு என்று கேட்கும் வீடுகள் கிறிஸ்தவ வீடுகளாகவும் இருக்கின்றன. பெண் கையெழுத்திடும் அந்தத் தாளுக்குப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் 'விடுதலைப் பத்திரம்' என்று பெயர். அதே பெண்தான் ஞாயிற்றுக்கிழமை தாராளத்தைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்கிறாள்.

இங்கேதான் எனக்குச் சப்பீராள் நினைவுக்கு வருகிறாள். அப்போஸ்தலர் நடபடிகள் 5ஆம் அதிகாரம். அனனியாவும் அவன் மனைவி சப்பீராளும் நிலத்தை விற்று, பணத்தில் ஒரு பங்கை மறைத்து வைத்துக்கொண்டு, மீதியையே முழுத்தொகை என்று சபையின் முன் வைக்கிறார்கள். இருவரும் விழுந்து சாகிறார்கள். காணிக்கையில் ஏமாற்றாதே என்று பயமுறுத்துவதற்காகச் சொல்லப்படும் கதை இது. ஆனால் சாவதற்குமுன் அனனியாவிடம் பேதுரு என்ன கேட்கிறான் என்று கவனியுங்கள். விற்பதற்கு முன்பு அந்த நிலம் உன்னுடையதுதானே, விற்ற பிறகும் பணம் உன் அதிகாரத்தில்தானே இருந்தது என்கிறான். அதாவது, கொடுக்காமல் இருந்திருக்கலாம், குற்றமில்லை, பொய் சொன்னதே குற்றம். காணிக்கை கட்டாயமல்ல என்பதற்கு வேதாகமத்தில் இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

மூன்று மணி நேரம் கழித்துச் சப்பீராள் வருகிறாள். அவளிடம் பேதுரு விலை எவ்வளவு என்று மட்டும் கேட்கிறான். நிலம் உன்னுடையதுதானே என்று அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்? என்னுடையது என்று சொல்ல அவளுக்கு ஏதாவது இருந்ததா? உரிமையைப் பற்றிய கேள்வி கணவனுக்கு, தண்டனை இருவருக்கும். கொடுப்பதைப் பற்றிய போதனை பெண்களிடம் வந்துசேரும்போது பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. எவ்வளவு கொடுத்தாய், எவ்வளவு மகிழ்ச்சியோடு கொடுத்தாய் என்று கேட்கிறார்கள். உன்னிடம் உன்னுடையது என்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்பதில்லை.

பெண்ணுக்குச் சொந்தமாக இருந்தபோது என்ன நடந்தது என்பதற்குத் திருநெல்வேலியிலேயே சான்று உண்டு. தஞ்சாவூரிலிருந்து வந்த மராத்தியப் பிராமண விதவை கிளாரிந்தா. ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு மணமின்றி வாழ்ந்தாள் என்பதால் மிஷனரி ஷ்வார்ட்ஸ் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்தபின் 1778இல்தான் கொடுத்தார். பாளையங்கோட்டையில் 1785இல் பிரதிஷ்டையான ஆலயம் அவளுடைய முயற்சியாலும் பணத்தாலும் எழுந்தது. ஊரார் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றார்கள். தன் பணத்தைக் கொண்டு அவள் ஒரு சபையையே தொடங்கினாள், தானே வழிநடத்தினாள். அதே ஊரின் சாராள் தக்கர் கல்லூரி, இந்தியாவுக்கு ஒருமுறையும் வராத ஓர் ஆங்கிலேயப் பெண்ணின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவள் நினைவாகத் தோழியர் சேர்த்த பணம் இங்கே பெண்களின் படிப்பாக மாறியது. இந்த இருவரையும் காணிக்கை ஞாயிறுகளில் யாரும் நினைவுகூர்ந்து நான் கேட்டதில்லை. முடிவெடுத்துக் கொடுத்த பெண்ணைவிட எல்லாவற்றையும் போட்டுவிட்டு மௌனமாகப் போன பெண்ணே பிரசங்கத்துக்கு வசதி.

அதனால், படிக்கும் பெண்களிடம் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். வேதம் தரும் அளவுகோல்களையே கையில் எடுங்கள் என்பேன். கடவுளுக்கு நேர்ந்துவிட்டேன் என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிடும் 'கொர்பான்' வழக்கத்தை இயேசு மாற்கு 7இல் கடிந்துகொள்கிறார். அப்படியானால் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைப் பையில் போடச் சொல்லும் போதனை அவருடையதாக இருக்காது. மற்றவர்களுக்குச் சுகமும் உங்களுக்குக் கஷ்டமுமாகக் கொடுக்கச் சொல்லவில்லை, சமநிலை உண்டாகவே சொல்கிறேன் என்று பவுல் 2 கொரிந்தியர் 8இல் விளக்குகிறார். நற்செய்திக் கூட்டத்தில் உணர்ச்சி ஏறும் நேரத்தில் வளையலைக் கழற்றிக் கொடுக்கும் பெண்ணுக்கு இந்த வசனத்தை யாராவது அப்போதே சொல்ல வேண்டும். அந்த வளையலே அவளுடைய ஒரே சொத்தாக இருக்கலாம்.

சபையின் ஆண்டுக் கணக்கு வாசிக்கப்படும்போது, கட்டடத்துக்கு எவ்வளவு, சபையிலுள்ள விதவைகளுக்கு எவ்வளவு என்று எழுந்து கேளுங்கள். காணிக்கை எண்ணும் மேசையிலும் செலவை முடிவெடுக்கும் மேசையிலும் பெண்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். அடுத்த முறை இரண்டு காசு விதவை பீடத்துக்கு வரும்போது, மாற்கு 12ஐ 38ஆம் வசனத்திலிருந்து தொடங்கி 13ஆம் அதிகாரத்தின் 2ஆம் வசனம்வரை வாசிக்கும்படி கேளுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதன்பிறகு பை வரட்டும். போடுவதா வேண்டாமா, போட்டால் எவ்வளவு என்று அவரவர் முடிவு செய்யட்டும். அப்படிப் போடுகிறவளைத் தாராள மனசுக்காரி என்று சொல்ல எனக்கு எந்தத் தயக்கமும் இருக்காது.