காக்கும் தடியும் கொல்லா விரதமும்

உயிர்களிடத்து இரக்கம் என்பது நம் சமணப் பெருமக்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய பாடமன்று. இரவில் உண்ணாமையும், நீரை வடிகட்டிப் பருகுதலும், நிலம் நோக்கி அடியெடுத்து வைத்தலும் நம் இல்லங்களில் இளமை முதலே பழக்கப்படுபவை. ஆயினும் விரதம் ஏற்ற கையில் தடியை ஓங்க வேண்டிய வேளை வந்தால் என் செய்வது என்ற வினாவிற்கு நம்மிற் பலர் தெளிவான விடை கூறத் தயங்குகின்றோம். அவ்வினாவை ஓர் எளிய நிகழ்ச்சியில் வைத்து ஆராய்வோம்.

செஞ்சியை அடுத்த பனமலையில் ஏரியும், இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் அமைந்த குன்றும் உண்டு. அவ்வேரிக்கரையில் மாலை வேளையில் நம் வீட்டு நாயைச் சங்கிலியிற் பிடித்தவாறு நடந்து செல்வதாகக் கொள்வோம். எதிரே வேறொருவர் வளர்க்கும் நாய், பிடிப்பார் எவருமின்றி, உறுமிக்கொண்டு பாய்ந்து வருகின்றது. நம் நாய் நம் காலடியில் ஒடுங்குகின்றது. நம் கையில் தடி உண்டு. அடித்தால் கொல்லாமை விரதம் குன்றுமா? அடியாது நின்றால் நம்மை நம்பி வந்த உயிரைக் கைவிட்டவர் ஆவோமா?

இது வீண் வினா அன்று. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்காவில், கட்டின்றி விடப்பட்ட ராட்வீலர் நாய்கள் இரண்டு 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. காக்க விரைந்த தாயும் கடியுண்டார். நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அத்தாயின் கையில் அவ்வேளை ஒரு தடி இருந்திருந்தால், அதனை ஓங்கற்க என்று அவருக்கு அறிவுரை கூற நம்முள் எவர்க்கு மனம் வரும்?

நம் ஆசாரியர்கள் இதனை எண்ணாது விட்டாரல்லர். இம்சையை அவர்கள் நான்காகப் பகுத்தனர். வேண்டுமென்றே எண்ணிச் செய்வது சங்கற்ப இம்சை. சமைத்தல், பெருக்குதல் முதலிய இல்லச் செயல்களால் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு முதலிய தொழில்களால் நேர்வது உத்தியோக இம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் தாக்க வருவாரைத் தடுக்கையில் நேர்வது விரோதி இம்சை. மகாவிரதியாகிய துறவிக்கு இந்நான்கும் விலக்கு. அணுவிரதியாகிய இல்லறத்தாருக்கோ முழுதும் விலக்கப்பட்டது முதலாவதே. ஏனைய மூன்றையும் இயன்ற அளவு குறைத்துக்கொள்ளுதல் கடமை. ஆகவே பாய்ந்து வரும் நாயைத் தடியால் தடுத்தல் இல்லறத்தாரின் விரதத்தை முறிப்பதன்று.

ஆயின் இங்கே ஒரு நுட்பம் உண்டு. பல்லாண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்த நாம் சிறுவரிடத்துக் கண்ட ஒன்றைக் கூறுகின்றோம். நாய் குரைத்து வருங்கால் அச்சத்தால் ஒரு கல்லை எறிவர். அது திரும்பி ஓடத் தொடங்கியதும் துணிவு பெற்று வேறொரு கல்லைத் தேடி எடுப்பர். இரண்டாவது கல்லே எப்போதும் பெரிதாக இருக்கும்! முதற்கல் தற்காப்பு, இரண்டாவது பழிவாங்கல். கல் எறிந்த கை ஒன்றே. எறிவித்த மனம் வேறு. விரோதி இம்சை சங்கற்ப இம்சையாக மாறும் எல்லை தடியில் இல்லை. ஆபத்து நீங்கிய அந்தக் கணத்தில் இருக்கின்றது.

திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியின் குணமாலையார் இலம்பகத்தில் இதற்கு ஏற்ற இரு நிகழ்ச்சிகள் அருகருகே அமைந்துள்ளன. அந்தணர் உணவைத் தீண்டிய நாய் ஒன்று அடியுண்டு உயிர் நீங்கும் நிலையிற் கிடக்கின்றது. சீவகன் அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓத, அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகின்றது. அதே இலம்பகத்தில் அசனிவேகம் என்னும் அரச யானை கட்டவிழ்ந்து ஓடிக் குணமாலையைத் தாக்க வருங்கால், சீவகன் குறுக்கே பாய்ந்து அதனை அடக்கி அவளைக் காக்கின்றான். நாய்க்காக உருகிய நெஞ்சமே யானையின் முன் தோள் தட்டி நின்றது. உணவைத் தொட்ட குற்றத்திற்கு உயிர் போகுமாறு அடித்தது கொடுமை. உயிர் பறிக்க வந்த யானையை அடக்கியது அறம். இவ்வேறுபாட்டை உணர்ந்தால் நம் வினாவிற் பாதி தீர்ந்தது.

மீதிப் பாதி கடினமானது. தாக்க வந்ததும் ஓர் உயிர். தாக்கப்படுவதும் ஓர் உயிர். நம் நாய் நமக்கு இனியது என்பதனால் மற்றதை வருத்தலாம் எனில் அது பற்றின் பேச்சேயன்றி அறத்தின் பேச்சாகாது என்று சிலர் வினவலாம். இதற்கு நம் விடை வருமாறு: நம் நாயின் கழுத்திற் சங்கிலியைப் பூட்டியவர் நாமே. கட்டப்பட்டமையால் அது ஓடித் தப்பவும் இயலாது, எதிர்த்துப் போரிடவும் இயலாது. அதன் இரு வழிகளையும் அடைத்த நாம் மூன்றாவது வழியாக நின்று காக்கக் கடமைப்பட்டோம். பூட்டிய சங்கிலியால் பிறந்த இக்கடன், அந்நாய் நமக்கு இனியதாயினும் இன்னாததாயினும் மாறாது.

காக்கும் கடன் உண்டு என்பதனால் கொல்லும் உரிமை வந்துவிடாது. கொடிய விலங்கு ஒன்றைக் கொன்றால் பல உயிர்கள் பிழைக்கும் ஆதலின் அதனைக் கொல்லலாம் என்ற வாதத்தை அமிர்தசந்திர ஆசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயம் என்னும் நூலில் மறுத்துள்ளார். நேற்று பாய்ந்த நாய்க்கு இன்று நஞ்சிட்ட உணவை வைப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவும் விலங்கைக் கொல்வதைத் தண்டனைக்குரிய குற்றமாகவே கொள்கின்றது.

இனி, நாயை அவிழ்த்து விட்டவரை நோக்குவோம். உமாசுவாமி முனிவரின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு வேராகக் காட்டுவது பிரமாதத்தை. நம் பேச்சு வழக்கில் அச்சொல் புகழுரையாகிவிட்டது. ஆகமத்தில் அதன் பொருள் கவனமின்மை. "எங்கள் நாய் எவரையும் ஒன்றும் செய்யாது" என்று கூறி வாயிலைத் திறந்து விடுகின்றாரே, அங்கேதான் இம்சை தொடங்குகின்றது. கடியுண்பவர் ஒரு பக்கம் இருக்க, அடியுண்பதும் அவருடைய நாயே அன்றோ! கொடுமையாகக் கட்டி வைத்தலையும், உணவு நீர் மறுத்தலையும் அதே நூல் கொல்லாமை விரதத்தின் குறைகளாக எண்ணுகின்றது. எனவே நாள் முழுதும் கட்டி வைத்து வெறியேற்றுதலும் தவறு; கட்டின்றித் தெருவில் விடுதலும் தவறு. வெளியே செல்கையில் சங்கிலி, தேவைப்பட்டால் வாய்மூடி, ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி, நாள்தோறும் நல்லுணவும் நடையும்: இவையே நாய் வளர்ப்போரின் அகிம்சை. நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, விலங்கினைக் கவனமின்றி வைத்திருந்து பிறர்க்கு ஆபத்து விளைவிப்போருக்கு 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கின்றது.

தடியை அடிப்பதற்கு முன்னரே பயன்படுத்தும் முறைகளும் உண்டு. நாய் வருங்கால் ஓடுதல் கூடாது. ஓடுவதைத் துரத்துதல் அதன் இயல்பு. அதன் கண்களை உற்று நோக்காது, நம் நாயை நமக்குப் பின்னே நிறுத்தி, தடியையோ விரித்த குடையையோ இடையில் நீட்டி, மெல்லப் பின்வாங்குதல் வேண்டும். உரத்த குரலில் ஓர் அதட்டல் போதுமானால் அதனோடு நிறுத்துக. நாய்கள் இரண்டும் கடித்துப் பற்றிக்கொண்டால் இடையிற் கையை நுழைத்தல் ஆகாது. வாளித் தண்ணீரை வீசுதலும், சாக்கையோ துண்டையோ தலைமீது போடுதலும், பலகையை இடையிற் செருகுதலும் பயன் தரும். எதுவும் பயன் தராதபோது அடித்தே விலக்க நேர்ந்தால், விலகிய கணமே தடி தாழ்தல் வேண்டும்.

கடி நேர்ந்துவிடின் மஞ்சள், சுண்ணாம்பு முதலியவற்றை அப்பாமல், காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுதல் வேண்டும். நம் நாய் கடியுண்டால் அதனையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுக. கடித்த நாயை அடித்துக் கொல்லுதல் மருத்துவத்திற்கும் ஏற்றதன்று. அதனை 10 நாள் கண்காணித்தால் நோயின் நிலை விளங்கும்; தடுப்பூசி மட்டும் அதுவரை காத்திருத்தல் கூடாது.

சிராவகப் பெருமக்களே! அகிம்சை என்பது கோழையின் கைகட்டல் அன்று, வீரனின் கையடக்கம். காக்க வேண்டிய இடத்தில் தடி எழுக. காத்த பின் அது தாழ்க. அன்று மாலை வழிபாட்டில் அமர்கையில் நம்மைத் தாக்க வந்த அவ்வுயிரையும் நினைந்து, அதனிடத்தும் பகையின்றி க்ஷமை வேண்டுவோமாக. அத்துடன் மறுநாள் அதன் உரிமையாளர் இல்லம் சென்று, சங்கிலியின் தேவையைப் பொறுமையாக எடுத்துரைப்போமாக.