வீடும் ஓர் அமானிதமே!

 

கீழக்கரை முதல் இராமேசுவரம் வரை நம் கடற்கரை ஊர்களில் எழும்பும் பல வீடுகளுக்குப் பின்னால் ஒரு வாப்பாவின் நீண்ட காலப் பிரிவு இருக்கிறது. பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில், இளைய மகளுக்கு நிக்காஹ் பேசியதும் மாடி எடுக்கும் பேச்சும் தொடங்கிவிடுகிறது. பணம் அனுப்புபவர் கடலுக்கு அப்பால். வேலையைப் பார்த்துக்கொள்பவர் வீட்டிலிருக்கும் உம்மா. அந்நிலையில் கொத்தனாரிடம் நாம் ஒப்படைப்பது பணத்தை மட்டுமா? அந்தக் கூரையின் கீழ் உறங்கப்போகும் உயிர்களையும் அல்லவா!

அப்படியானால் எவரை வேலைக்கு அமர்த்துவது? மூஸா (அலை) அவர்களைப் பணியில் அமர்த்தும்படி தம் தந்தையிடம் பரிந்துரைத்த பெண்மணி இரண்டு தகுதிகளைச் சொன்னதாகத் திருமறையின் அல்கஸஸ் அத்தியாயம் கூறுகிறது. ஒன்று வலிமை, மற்றொன்று நம்பிக்கை. கட்டட வேலையில் வலிமை என்பது தொழில் தேர்ச்சியே. நாமோ, "நம்ம ஆள்" என்றும், "கூலி குறைவு" என்றும் பார்த்து இரண்டையும் விட்டுவிடுகிறோம். அவர் ஐந்தாண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகளைப் போய்ப் பாருங்கள். மழைக்கு ஒழுகுகிறதா, சொன்ன தவணையில் முடித்தாரா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

கடனைக்கூட எழுதி வைக்கப் பணிக்கிறது அல்பகராவின் 282ஆம் வசனம். கம்பியின் கனம், சிமெண்ட் கலவை, முடிக்கும் நாள், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பனவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவது சந்தேகத்தால் அன்று. பின்னால் மனத்தாங்கல் வராமலிருக்கவே! வேலை முடிந்தபின் கூலியை இழுத்தடிப்பதும் பாவமே. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள்.

நம் கரையில் உப்பே பெரும் பகை. கடல் மணலையும் உவர்நீரையும் கலவையில் சேர்த்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து, உப்பி, காங்கிரீட்டைப் பெயர்த்துவிடும். பழைய சுவரும் அஸ்திவாரமும் மாடியைத் தாங்குமா என்பதைப் பொறியாளரிடம் காட்டித்தான் முடிவு செய்யவேண்டும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலை மறந்துவிட்டா நாம் கட்டுவது?

முன்னோர் பவளக்கல்லால் கட்டினார்கள். அதைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். ஆனால் பவளப்பாறைகளே அலையின் வேகத்தைத் தணிக்கும் அரண். அவற்றை வெட்டியெடுத்ததால், மன்னார் வளைகுடாவில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய தீவுகள் நீரில் மூழ்கின என்கின்றனர் ஆய்வாளர்கள். 2001 முதல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாதுகாக்கப்படுகிறது. அதைத் தொடாதீர்கள்.

கட்டுமுன் உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி பெறுங்கள். தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் நடைமுறையில் உள்ளன. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள கரைப்பகுதி, 1991 முதல் கடற்கரை ஒழுங்குமுறைக்கும் உட்பட்டது. வரைபடத்தில் ஒன்றைக் காட்டித் தரையில் வேறொன்றைக் கட்டி, கையூட்டால் சரிக்கட்டலாமா? லஞ்சம் கொடுப்பவரும் வாங்குபவரும் சாபத்திற்குரியவர்கள் என்பதை அறியோமா? விடவேண்டிய இடத்தை விடாது கட்டினால் அண்டைவீட்டார் இழப்பது காற்றும் வெளிச்சமும். அவருடைய ஹக்கைப் பறித்த இடத்தில் நின்று தொழுது என்ன பயன்?

நம் இல்லங்களை நேர்மையின் மீது எழுப்பவும், அவற்றில் நிம்மதியாக வாழவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.