உள்விளிம்பு

சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு பஞ்சர் கடையிலிருந்து அக்கா இரண்டு படங்கள் அனுப்பியிருந்தாள். கழற்றிப் போட்ட டயர் ஒன்று, இரண்டு பக்கமும். வெளிப்பக்கம் பார்த்தால் இன்னும் ஒரு வருடம் ஓடும் என்று தோன்றும். உள்பக்க ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை. அடியில் இருக்கும் கம்பி வெளியே வந்து மழைத்தண்ணீரில் மின்னியது.

கீழே ஒரே வரி: "இது உனக்குத் தெரியுமா?"

அம்மாவைக் காஞ்சிபுரம் கூட்டிப்போக என் காரை வாங்கிப் போயிருந்தாள். திரும்பி வரும் வழியில் மழை. முன் இடது டயரில் ஆணி. பஞ்சர் போடுபவர் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடம், இத போட்டுட்டா ஹைவேல வந்தீங்க?" என்று கேட்டிருக்கிறார். ஆணி குத்தாமல் இருந்தால் அந்த ஓரத்தை யாரும் பார்த்திருக்க மாட்டோம்.

"தெரியாது" என்று தட்டினேன். அனுப்பவில்லை. அது பொய்யா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

அந்த டயர் தேய ஆரம்பித்த இடமும் அதே சாலையில்தான் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால், இருங்காட்டுக்கோட்டை. 1990இல் திறந்த பந்தயத்தளம், ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். பந்தய வீரனாக இல்லாதவர்களும் காசு கட்டி, ஹெல்மெட் போட்டு, சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாட்கள் அங்கே உண்டு. நான் போவது அந்த நாட்களுக்கு. என் கார் வாரம் முழுக்க ஆபீஸ் போகும் சாதாரண ஸ்விஃப்ட்.

அதைத் தளத்தில் வேகமாக ஓட்டினால் முதலில் சாவது முன் டயர்களின் வெளி ஓரம். வளைவில் காரின் உடம்பு வெளிப்பக்கமாகச் சாய்கிறது. அதோடு சேர்ந்து வெளிப்பக்கத்துச் சக்கரமும் சாய்கிறது. டயர் தரையைத் தொடும் இடம் மொத்தமே ஓர் உள்ளங்கை அளவுதான். அதில் பாதி தூக்கிக்கொள்ள, மீதிப் பாதி மொத்தப் பாரத்தையும் வாங்கி, சூடேறிப் பிய்ந்துபோகும். ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தால், எந்த இடம்வரை அழிந்திருக்கிறது என்பதிலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

இதற்கு வழி, நிற்கும்போதே சக்கரத்தை எதிர்ப்பக்கம் சாய்த்து வைப்பது. முன்னால் நின்று பார்த்தால் இரண்டு சக்கரங்களின் மேல்பக்கமும் உள்ளே சாய்ந்திருக்கும். இதைத்தான் நெகட்டிவ் கேம்பர் என்கிறார்கள். நிற்கும்போது கோணல், வளைவில் கார் சாயும்போது அந்தச் சக்கரம் நிமிர்ந்து தரையில் முழுதாகப் படியும். நான் இரண்டரை டிகிரி வைத்திருந்தேன். வளைவுகளில் கார் வேறு காராக ஆனது. வெளி ஓரம் பிழைத்தது.

இங்கே ஒரு சொல் என்னைத் தொந்தரவு செய்கிறது. நாம் நல்ல குணத்துக்கு வைத்திருக்கும் பெயரே 'நேர்மை'. நேராக இருப்பது. நல்ல ஆட்சிக்குச் செங்கோல், கெட்ட ஆட்சிக்குக் கொடுங்கோல் (கொடு என்றால் வளைந்தது). கெட்ட எண்ணத்தை 'கோணல் புத்தி' என்கிறோம். ஆனால் எப்போது நேராக இருக்க வேண்டும்? நிற்கும்போதா, பாரம் ஏறும்போதா? இரண்டிலும் ஒரே சக்கரம் நேராக இருக்க முடியாது. தொழிற்சாலை வைத்து அனுப்பும் கோணமும் நடுநிலை ஒன்றும் இல்லை. பெரும்பாலானவர்கள் பெரும்பாலான நேரம் நேர்சாலையில்தான் போவார்கள் என்று அவர்கள் கட்டிய பந்தயம் அது. நான் வேறு பக்கம் பந்தயம் கட்டினேன். நேராக இருக்கும் அம்பையும் வளைந்த யாழையும் காட்டி, செயலைப் பார்த்து எடைபோடச் சொல்கிறது குறள். அந்தக் கணக்கில் என் கோணல் சக்கரம் யாழ் பக்கம் என்று கொஞ்ச நாள் திருப்தியாகவே இருந்தேன்.

அந்தத் திருப்தி அலைன்மென்ட் கடையில் போனது.

அங்கே இருந்த பெரியவர் டயரின் உள் ஓரத்தைக் கையால் தடவினார். ஒரு திசையில் வழவழப்பு, மறு திசையில் ரம்பப்பல் மாதிரி விரலில் தட்டியது. "தம்பி, கேம்பர் மட்டும்னா இவ்ளோ சீக்கிரம் போவாது. டோ எவ்ளோ வச்சிருக்க?"

டோ என்பது மேலிருந்து பார்க்கும்போது தெரியும் கோணம். இரண்டு முன் சக்கரங்களும் ஒரே திசையைப் பார்க்கின்றனவா என்பது. கார் வளைவுக்குள் சுருக்கென்று திரும்ப வேண்டும் என்று இரண்டையும் கொஞ்சம் வெளிப்பக்கம் பார்க்கும்படி வைப்பது தளத்தில் பழக்கம். நானும் வைத்திருந்தேன். அப்படி வைத்தால் நேர்சாலையில் இரண்டு சக்கரமும் ஆளுக்கொரு பக்கம் போகப் பார்க்கும். கார் நடுவில் நேராகப் போகும். அந்த இழுபறியில் ஒவ்வொரு டயரும் நகரும் ஒவ்வொரு மீட்டரிலும் கொஞ்சம் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. உள்ளே சாய்ந்த சக்கரம் ஏற்கெனவே உள் ஓரத்தில்தான் நிற்கிறது. இரண்டும் சேர்ந்தால் அந்த ஓரம் தாங்காது.

வீட்டுக்குக் கிளம்பும்முன் டை ராடைச் சில திருகு திருகிப் பழையபடி வைத்துவிடலாம். எத்தனை திருகு என்று பெயிண்டால் குறிகூட வைத்திருந்தேன். அன்றைக்கு இருட்டிவிட்டது. அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று வந்தேன். நாலு மாதம் ஞாயிறு வரவில்லை.

ஆக, அக்காவின் கேள்விக்கு என்ன பதில்? கம்பி தெரிகிறது என்று எனக்குத் தெரியாது. தேயும் என்று தெரியும். பார்க்காத இடத்தில் தேயும் என்றும் தெரியும். குனிந்து பார்க்காமல் இருந்ததால்தான் "தெரியாது" என்று சொல்லும் வசதி எனக்கு இருந்தது.

தாமஸ் நேகல் 1976இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு லாரி ஓட்டுநர் வருகிறார். பிரேக்கைச் சோதிக்காமல் விட்டவர். குறுக்கே ஒரு குழந்தை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கக் குற்றவாளி. வராவிட்டால் அவரிடம் இருப்பது சின்ன அலட்சியம் மட்டும். குழந்தை வந்ததும் வராததும் அவர் கையில் இல்லை. ஆனாலும் நாம் இரண்டு பேரையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. நான் குழந்தை வராத ஓட்டுநர். எனக்கு ஓர் ஆணி கிடைத்தது. "ஒண்ணும் ஆகலயே" என்று அம்மா சொன்னபோது எனக்கு ஆறுதலாக இல்லை. ஒன்றும் ஆகாமல் போனதில் என் பங்கு எதுவும் இல்லை என்பதால்.

அப்படியானால் கோணத்தைக் கூட்டியதே தப்பா? 2011 பெல்ஜியம் கிராண்ட் ப்ரீயை நினைத்துக்கொள்கிறேன். டயர் கொடுத்த பிரெல்லி பரிந்துரைத்த முன்சக்கர கேம்பர் அளவைத் தாண்டி ரெட் புல் அணி வைத்திருந்தது. தகுதிச்சுற்று முடிந்து பார்த்தால் முன் டயர்களின் உள்பக்கம் கொப்புளம். கோணத்தை மாற்றினால் பிட் லேனிலிருந்து கிளம்ப வேண்டும், முதலிடம் போய்விடும். மாற்றவில்லை. செபாஸ்டியன் வெட்டல் அதே கோணத்தோடு கிளம்பி, சில சுற்றுகளிலேயே உள்ளே வந்து டயர் மாற்றி, கடைசியில் ஜெயித்தார். தான் மிகவும் பயந்த பந்தயங்களில் அது ஒன்று என்று காரை வடிவமைத்த ஏட்ரியன் நியூயி பின்னால் சொன்னார். ஓட்டாதவருக்கே அந்தப் பயம். 2013இல் சில்வர்ஸ்டோனில் டயர்கள் வரிசையாக வெடித்த பிறகுதான் பிரெல்லியின் அளவுகளைக் கட்டாய விதி ஆக்கினார்கள்.

அது சரியான முடிவா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஜெயித்ததை வைத்துச் சரி என்பதும், நேகலின் ஓட்டுநரைக் குழந்தை வராததால் விட்டுவிடுவதும் ஒன்றுதான். ஆனால் ஒரு வித்தியாசம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. வெட்டலுக்குத் தன் காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியும். வேண்டாம் என்று சொல்ல ஒரு வாய்ப்பு இருந்தது. என் அக்காவுக்கு இல்லை. அவள் வாங்கிப் போனது, அவளைப் பொறுத்தவரை, ஒரு ஸ்விஃப்ட்.

வளைவுக்காகச் சாய்ந்து நிற்பது என் உரிமை. அதற்கு நேர்சாலை ஒரு விலை கேட்கும். அந்த விலையை வேறு யார் தலையிலோ வைக்கும்போது அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். கோணல் தப்பில்லை, சாவியைக் கொடுத்தபோது வாயைத் திறக்காததுதான் தப்பு. நேர்மை என்ற சொல்லுக்கு இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த பொருள் அவ்வளவுதான்.

அன்றிரவு அக்காவுக்கு பதில் எழுதினேன். "தேயும்னு தெரியும். பாக்கல."

இரண்டு நாள் அவள் பேசவில்லை. புது டயர் போட்டு, டோவை நேராக்கி, கேம்பரை ஒன்றரைக்குக் குறைத்து, அவள் வீட்டுக்கே ஓட்டிப்போனேன்.

"இப்ப நேரா இருக்கா?"

"இல்லக்கா. கொஞ்சம் சாஞ்சுதான் இருக்கு. மழைல பிரேக் போடும்போது மத்த கார விட கொஞ்சம் தள்ளி நிக்கலாம். உள்பக்கம் சீக்கிரம் தேயும். மாசா மாசம் பாக்கணும்."

"எப்படிப் பாக்கறது?"

ஸ்டீயரிங்கை முழுசாக ஒரு பக்கம் திருப்பச் சொன்னேன். சக்கரம் திரும்பி அதன் உள் ஓரம் வெளியே தெரிந்தது. பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேட்டைக் காட்டினேன். அது 1.6 மில்லிமீட்டர், ரப்பர் அந்த மட்டத்துக்கு வந்தால் டயர் முடிந்தது. அக்கா குந்தி உட்கார்ந்து, கையை உள்ளே விட்டு, ஓரம் முழுக்கத் தடவிப் பார்த்தாள். பிறகு எழுந்து அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்குப் போனாள்.