வீடும் பதுங்கு குழியும்

என் எழுது மேஜையின் மீது வெள்ளைக் கல்லில் செய்த ஒரு சாமான் இருக்கிறது. கவிழ்த்து வைத்த கொட்டாங்கச்சி போன்ற வடிவம், உச்சியில் துளை. அதில் பென்சில்களைச் செருகி வைத்திருக்கிறேன். அல்பேனியாவுக்குப் போய் வந்த நண்பர் ஒருவர் கொண்டு வந்து கொடுத்தது. சென்ற மாதம் என் பேத்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன தாத்தா, காளானா?" என்று கேட்டாள்.

"இல்லையம்மா, இது ஒரு வீடு" என்றேன். உடனே, "இல்லை, பதுங்கு குழி" என்று திருத்திக்கொண்டேன். இரண்டில் எது சரியான பதில் என்று அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனையாக இருக்கிறது.

அல்பேனியா சின்னஞ்சிறு நாடு. 1944 முதல் 1985 வரையில் அதை ஆண்டவர் என்வர் ஹோஜா. முதலில் யூகோஸ்லாவியாவோடு முறித்துக்கொண்டார், பிறகு ரஷ்யாவோடு, கடைசியில் சீனாவோடும். சிநேகிதர்களையெல்லாம் பகைவர்களாக்கிக்கொண்ட மனிதனுக்கு மிஞ்சுவது பயம் ஒன்றுதான். அந்தப் பயத்தைச் சிமென்டாலும் இரும்பாலும் ஊரெங்கும் விதைத்தார். 1,70,000-க்கும் அதிகமான பதுங்கு குழிகள் எழும்பின. ஜனத்தொகை அப்பொழுது முப்பது லட்சம்கூட இல்லை. வயல் நடுவே ஒன்று, கடற்கரையில் ஒன்று, திராட்சைத் தோட்டத்தில் ஒன்று, இடுகாட்டில்கூட ஒன்று. அவற்றுக்கு உருவம் கொடுத்த எஞ்சினியரே பிற்பாடு சிறையில் கிடந்தார். எதிர்பார்த்த படையெடுப்போ வரவே இல்லை.

1991-க்குப் பிறகு ஆட்சி போயிற்று, குழிகள் போகவில்லை. அவற்றை உடைப்பது லேசான காரியமும் அல்ல. ஜனங்கள் மெல்ல அவற்றில் புகுந்தார்கள். ஆட்டைக் கட்டினார்கள், வைக்கோல் அடைந்தார்கள், காப்பிக் கடை வைத்தார்கள். வீடு வாசல் இல்லாத சில குடும்பங்கள் பெரிய குழிகளில் குடியேறி அடுப்பு மூட்டின.

என் மனத்தை உறுத்திய கேள்வி இதுதான்: கொல்வதற்கும் சாவுக்கு ஒளிவதற்குமாகக் கட்டிய இடத்தில் ஒரு குடும்பம் வாழலாமா? அங்கே தொட்டில் கட்டலாமா?

"இதில் என்ன கேள்வி? இடம் கிடைத்தால் இருந்துவிட்டுப் போகிறான்" என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் நம் ஊரில் வீடு வாங்கப் போகிறவர் ரகசியமாக அக்கம்பக்கத்தில் விசாரிப்பது எதை? அந்த வீட்டில் யாராவது தூக்குப் போட்டுக்கொண்டார்களா என்பதைத்தானே? அஸ்திவாரத்தையும் தண்ணீர் வசதியையும் விசாரிப்பது அதற்கு அப்புறம். புது வீட்டுக்குள்ளே பசுவையும் கன்றையும் முதலில் ஓட்டிவிட்டுப் பிறகுதான் நாம் நுழைகிறோம். சுவருக்கு ஞாபகம் உண்டு என்று நம்மில் பெரும்பாலோர் வெளியே சொல்லாமல் நம்பிக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஜெர்மனியில் இந்தக் கேள்வி இன்னும் கனமானது. 1940-இல் ஹிட்லரின் உத்தரவுப்படி நகரங்களில் குண்டுவீச்சுப் பாதுகாப்புக்கென்று மாடிக் கட்டடங்கள் போலவே பெரும் பெரும் கான்கிரீட் அரண்கள் கட்டப்பட்டன. ஒரு மீட்டருக்கும், சிலவற்றில் இரண்டு மீட்டருக்கும் மேல் கனமான சுவர்கள். வெடி வைத்துத் தகர்த்தால் பக்கத்து வீடுகளும் சேர்ந்து விழும்; ஆகையால் பலவற்றை யுத்தம் முடிந்த பிறகும் அப்படியே விட்டுவிட்டார்கள். வீடிழந்த அகதிகள் வருஷக் கணக்கில் அவற்றுக்குள் வெளிச்சமில்லாமல் வாழ்ந்தார்கள். இந்த அரண்கள் இனி வேண்டாம் என்று அரசாங்கம் 2007-இல் முடிவு செய்தது. அதற்கு முன்பும் பின்பும் பிரேமன், ஹாம்பர்க் முதலிய நகரங்களில் கட்டடக் கலைஞர்கள் அவற்றை வாங்கி வீடுகளாக மாற்றியிருக்கிறார்கள்.

எப்படி மாற்றுகிறார்கள் தெரியுமா? முதல் வேலை ஜன்னல் வைப்பது. வைரம் பதித்த ரம்பத்தால் அந்தச் சுவரை அறுக்க வேண்டும். அறுத்து எடுக்கும் துண்டு ஒவ்வொன்றும் டன் கணக்கில் கனக்கும். பாரந்தூக்கி கொண்டு இறக்க வேண்டும். அறுபது எழுபது வருஷமாக இருட்டே குடியிருந்த அறைக்குள் முதல் தடவையாக வெயில் விழுகிறது. அந்த ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை. மேஜையில் ஒரு பிள்ளை வீட்டுக் கணக்குப் போடுகிறது. இதை நினைக்கையில் எனக்கு அது புதுமனை புகுவிழாவாகவே தோன்றுகிறது. பசுவும் கன்றும் செய்வதை அங்கே வெயில் செய்கிறது.

ஆனால் அவ்வளவோடு கேள்வி தீர்ந்துவிடவில்லை. அந்தச் சுவர்களை எழுப்பியதில் பிடித்துக்கொண்டு வரப்பட்ட அடிமைத் தொழிலாளிகளின் கை உண்டு. குண்டு விழும்போது அந்த அரண்களுக்குள்ளே யூதர்களுக்கு இடமில்லை. அந்நிய நாட்டுத் தொழிலாளிகளுக்கும் கதவு சாத்தப்பட்டது. கட்டியவன் வெளியே நின்று சாக, கட்டச் சொன்னவன் உள்ளே பிழைத்தான். அத்தகைய சுவரில் ஆணி அடித்துக் கல்யாணப் படத்தை மாட்டுவது எப்படி?

நான் நெடுநாள் யோசித்துக் கண்ட முடிவு இது. பாவம் சுவரில் இல்லை; கதவைச் சாத்திய கையில் இருந்தது. அந்தப் பாவத்துக்காகச் சுவரை வெறுமையாகக் கிடக்க விடுவதால் செத்தவருக்கு ஒரு லாபமும் இல்லை. வீடில்லாதவனுக்கு அங்கே வீடு கிடைக்குமானால், செத்தவர்களே ஆட்சேபிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் குடியேறுகிறவன் ஒன்று மட்டும் செய்ய வேண்டும். இது முன்பு என்னவாக இருந்தது, யார் கட்டினார்கள், யாருக்கு இடமில்லாமற் போயிற்று என்பதைத் தன் பிள்ளைக்குச் சொல்லி வைக்க வேண்டும். ஞாபகம் என்ற வாடகையைக் கொடுக்காமல் அங்கே குடியிருக்கக் கூடாது.

எல்லாவற்றையும் வீடாக்கிவிடலாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். பிரேமனை அடுத்த ஃபார்கேயில் 'வாலன்டைன்' என்று ஒரு ராட்சசக் கட்டடம் நிற்கிறது. நீர்மூழ்கிக் கப்பல் கட்டுவதற்காக 1943-லிருந்து 1945 வரை கைதிகளைக் கொண்டு எழுப்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த வேலையில் மாண்டார்கள். 2015-இல் அதை நினைவிடமாகத் திறந்தார்கள். அதுதான் நியாயம். சில இடங்கள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே தாளிக்கிற வாசனை வரக் கூடாது.

இனி, அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே கான்ஸாஸ் மாகாணத்தில், 1960-களின் தொடக்கத்தில், 'அட்லாஸ்' ஏவுகணைகளை நிறுத்தி வைக்கப் பூமிக்குள் கிணறுகள் வெட்டினார்கள். 170 அடிக்கு மேல் ஆழம். ஒவ்வொன்றிலும் ஹிரோஷிமாவில் விழுந்ததைப் போல இருநூறு மடங்குக்கு மேல் வலிமையுள்ள ஒரு குண்டு. நாலைந்து வருஷத்துக்குள் ஏவுகணைகள் பழசாகிப் போயின, கிணறுகளைக் கைவிட்டார்கள். அப்படி ஒரு கிணற்றை 2012 வாக்கில் பதினைந்து அடுக்குக் குடியிருப்பாக்கினார்கள். நீச்சல் குளம், சினிமாக் கொட்டகை, வருஷக் கணக்கில் வைத்துச் சாப்பிடத் தானியம் எல்லாம் உண்டு. விலை பத்து லட்சம் டாலருக்கு மேல். உலகம் அழியும்போது உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியது. உலகை அழிக்க வெட்டிய குழிக்குள்ளேயே உலக அழிவிலிருந்து தப்பப் போகிறார்கள்!

அங்கேயும் ஜன்னல் உண்டு. ஆனால் அது வெறும் திரை. மரமும் வானமும் அதில் படமாக ஓடுகின்றன. ஜெர்மன்காரன் சுவரை அறுத்து வெளியுலகத்தை உள்ளே விட்டான். இவன் வெளியுலகத்தின் படத்தை மாத்திரம் வைத்துக்கொண்டான். ஒன்று பயத்தைக் கலைத்துக் கட்டிய வீடு; மற்றது பயத்துக்கே கட்டிய வீடு.

இதில் இன்னொரு பழைய விவகாரமும் இருக்கிறது. 1961-இல் பெர்லின் நெருக்கடியின்போது ஜனாதிபதி கென்னடி அணுகுண்டுப் பாதுகாப்பு அறைகளைப் பற்றிப் பேச, அமெரிக்கக் குடும்பஸ்தர்கள் தோட்டத்தில் குழி தோண்டலானார்கள். அப்பொழுது ஒரு கேள்வி எழுந்தது: என் குடும்பத்துக்கு மட்டும் போதுமான குழிக்குள் அண்டை வீட்டுக்காரன் நுழைய வந்தால் என்ன செய்வது? மக்ஹ்யூ என்ற பாதிரியார், பலாத்காரமாகத் தடுக்கவும் அவனுக்கு உரிமை உண்டு என்று ஒரு கத்தோலிக்கப் பத்திரிகையில் எழுதினார். பெரிய சர்ச்சை கிளம்பியது. வாஷிங்டனைச் சேர்ந்த ஆங்கஸ் டன் என்ற மற்றொரு சபைப் பிஷப், இது கிறிஸ்துவுக்கு அடுக்காது என்று கண்டித்தார். இதைப் படித்தபோது பாதிரியாரின் மேல் எனக்கு மகா கோபம் வந்தது. 'இவருமா ஒரு சாமியார்!' என்று எண்ணினேன்.

அப்படிக் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு. சென்னையில் அடையாற்றங்கரைக்குச் சமீபத்தில் எங்கள் வீடு. என் தகப்பனார் கட்டிய கிராமத்து வீட்டில் திண்ணை இருந்தது. ராத்திரி அதில் யார் படுத்திருந்தார்கள் என்று காலையில்தான் எங்களுக்கே தெரியும். நான் கட்டிய வீட்டில் திண்ணை இல்லை. கண்ணாடிச் சில்லுப் பதித்த காம்பவுண்டுச் சுவர், இரும்புக் கேட், எல்லா ஜன்னலுக்கும் கிரில். தெருவில் ஒரு வீட்டில் திருட்டுப் போன பிறகு மாடிப்படிக்கும் ஒரு கம்பிக் கதவு போட்டேன். அன்று மின்சாரம் இல்லை. தண்ணீர் வாசற்படியைத் தொட்டுவிட்டது. நானும் மனைவியும் மாடிக்குப் போய்விட்டோம். கேட்டை யாரோ தட்டினார்கள்.

"ஐயா, புள்ளைங்க இருக்குதுங்க. மாடிப்படியில ஒதுங்கிக்கிறோம்."

ஆற்றோரத்துக் குடிசைக்காரர்கள். எத்தனை பேர் என்று இருட்டில் தெரியவில்லை. நான் டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். 'பத்துப் பேரா, இருபது பேரா? யார் யாரோ? வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தானே?' என்று மனம் கணக்குப் போட்டது. இரண்டு நிமிஷம் இருக்கும். அதற்கு மேலும் இருக்கலாம். தண்ணீரில் நிற்கிறவனுக்கு அது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

என் மனைவி பின்னாலிருந்து வந்தாள். "என்ன நின்னுக்கிட்டே இருக்கீங்க? சாவியைக் குடுங்க" என்றாள்.

பதினோரு பேர் வந்தார்கள். அதில் ஐந்து குழந்தைகள். இரண்டு நாள் இருந்தார்கள். இருந்த அரிசியைக் கஞ்சி காய்ச்சி எல்லோரும் குடித்தோம். ஒரு துரும்பும் திருட்டுப் போகவில்லை. அதைச் சொல்லி நான் நிம்மதி அடைவதற்கில்லை. ஏனென்றால் அந்த இரண்டு நிமிஷம் நான் கான்ஸாஸ் கிணற்றுக்குள்தான் இருந்தேன். பாதிரியார் எழுதினார், நான் செய்தேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்தக் கதையை யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் யுத்த காலத்தில் அங்கே சிறுவனாக இருந்தவர். அவர்கள் பேச்சில் 'பங்கர்' என்பது அடுப்படி, கிணற்றடி என்பதைப் போல வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டிருந்தது. முற்றத்தில் குழி வெட்டி, பனங்குற்றிகளை மேலே அடுக்கி, மண் மூட்டைகளைப் போட்டு மூடுவார்களாம். "எங்கட பங்கர் அஞ்சு பேருக்கு வெட்டினது. ஷெல் அடிக்கத் தொடங்கினால் அம்மா வாசலிலை நிண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையளைக் கூப்பிட்டு உள்ளுக்கு விட்டிட்டுத்தான் தான் இறங்குவா. ஆள் கூடினால் பயம் குறையும் எண்டு சொல்லுவா" என்றார். யுத்தம் முடிந்து திரும்பி வந்து குழியைத் தூர்த்து, அந்த இடத்தில் வாழை வைத்தார்களாம்.

அதைக் கேட்டபோது, ஜன்னலைப் பற்றி நான் எண்ணியதுகூட முழு உண்மையல்ல என்று பட்டது. அந்த மண் குழிக்கு ஜன்னல் ஏது? வெளிச்சம் ஏது? ஆயினும் அந்த அம்மாள் வாசலில் நின்ற மட்டும் அது வீடாக இருந்தது. ஜன்னலும் கிரில்லும் காற்றோட்டமும் உள்ள என் மாடி, இரண்டு நிமிஷம், பதுங்கு குழியாக இருந்தது. இராணுவத்தின் குழியை வீடாக்குவது பெரிய வித்தையல்ல. ரம்பமும் பணமும் இருந்தால் போதும். வீட்டைக் குழியாக்காமல் காப்பாற்றுவதுதான் கஷ்டம். அதற்கு ஒவ்வொரு தடவை கதவு தட்டப்படும்போதும் புதிதாக ஒரு முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பயமே வேண்டாம் என்று உபதேசிக்க நான் வரவில்லை. ஊரில் திருடர் உண்டு. உலகில் குண்டும் உண்டு. கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டியதுதான். ஆனால் நம் பாஷையில் 'வீடு' என்ற சொல்லுக்கு விடுதலை என்றும் ஒரு பொருள் இருக்கிறது. பயத்திலிருந்து விடுதலை தருவதுதான் வீடு. பயத்தோடு கூடவே நம்மையும் பூட்டி வைப்பதற்கு வேறு பெயர் இருக்கிறது.

கண்ணாடிச் சில்லுகள் இன்னும் என் சுவரில் இருக்கின்றன, எடுக்கவில்லை. மாடிப்படிக் கம்பிக் கதவை மட்டும் கழற்றிவிட்டேன். கேட்டுச் சாவி இப்போது என் அலமாரியில் இல்லை; வாசலுக்குப் பக்கத்தில், என் மனைவியின் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஆணியில் தொங்குகிறது.

பேத்தி மறுபடியும் வந்தால், அந்தக் கல்லைக் காட்டி என்ன சொல்வது என்று தீர்மானித்துவிட்டேன். "உள்ளே இருக்கிறவர்கள் கதவைத் திறந்தால் இது வீடு, அம்மா. திறக்காவிட்டால் பதுங்கு குழி." அவள் நிச்சயம் அடுத்த கேள்வியைக் கேட்பாள்: "நீ திறந்தியா, தாத்தா?"

"பாட்டி திறந்தாள்" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.